தற்காலிகமாக நின்ற நூலகம்: மலையக டவுன் ஒன்றில் நடந்தது

நான் எழுதிக் கேட்டது இரண்டே வரிதான். எங்கள் டவுன் பொது நூலகத்தை எந்தத் திகதியில் மூடினீர்கள், அதற்கான சபைத் தீர்மானத்தின் பிரதி ஒன்று தர முடியுமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருந்தேன், பதிலும் வந்தது. நூலகம் மூடப்படவில்லை, ஆளணிப் பற்றாக்குறையால் சேவை தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டுள்ளது, ஆகவே தீர்மானம் எதுவும் கிடையாது. கடிதம் கைக்கு வந்தபோது கதவில் பூட்டு விழுந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது.

அந்தப் பதில் பொய் என்று நான் சொல்லமாட்டேன். யாரும் உட்கார்ந்து, பேசி, கையொப்பம் வைத்து நூலகத்தை மூடவில்லை. மூடியது யார் என்று தெரிந்தால் திறக்கச் சொல்லி அவரிடம் போய் நிற்கலாம். இங்கே போய் நிற்க ஒரு வாசல்கூட இல்லை. இதே மாதிரி நின்றுபோன வாசிகசாலைகள் வேறு டவுன்களிலும் இருக்கின்றன என்பதால், எங்கள் ஊரில் நடந்ததை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். ஊரின் பெயரைப் போடவில்லை. இதில் வருகிறவர்களில் சிலர் இன்றும் அதே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள்.

இடம்

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சிறிய கடைத்தெரு. ஒரே ரோடு, இரண்டு பக்கமும் கடை, அதற்குப் பின்னால் எழும்பிப் போகிற தேயிலை மலை. சுற்றியுள்ள தோட்டங்களின் சனத்துக்கெல்லாம் டவுன் என்றால் இதுதான். நூலகம் சந்தைக் கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தது. ஒரு பக்கம் பேப்பர் படிக்கிற வாசிகசாலை, மறுபக்கம் இரவல் பகுதி, இடையில் ஓர் அலுமாரி மறைப்பு. நீள மேசை நான்கு. தமிழ் இலக்கியத்துக்கு 894.811, சிங்கள இலக்கியத்துக்கு 891.48 என்று புத்தக முதுகில் ஒட்டியிருக்கும். அந்த எண்களைப் பார்த்துத்தான் உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு என்று நான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டேன்.

நூலகம் ஏன் கடைத்தெருவில் இருந்தது, ஏன் ஒரு தோட்டத்துக்குள்ளும் இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. பொது நூலகங்களை நடத்துவது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபையின் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரை தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போகிற பாதைக்கு ஒரு லோட் கல் போடக்கூட சபைக்கு வழியில்லாமல் இருந்தது, நூலகம் எங்கே வரும்? சில தோட்டங்களில் பெடியன்கள் சேர்ந்து கோவில் மண்டபத்தில் வாசிகசாலை நடத்தியதுண்டு. நடத்தினவர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் அதுவும் நின்றுவிடும். ஆக, சுற்றியிருந்த தோட்டங்கள் அத்தனைக்கும் நிலையாக இருந்தது அந்த மேல்மாடி ஒன்றுதான்.

அதில் சேர்வதும் லேசாக இருக்கவில்லை. அங்கத்துவப் படிவத்தில் பிணை நிற்பவர் சபை எல்லைக்குள் வரி கட்டுகிறவராக இருக்க வேண்டும். லயக் காம்பராவுக்கு உறுதியும் இல்லை, வரி இலக்கமும் இல்லை. அப்பா 30 வருடம் அதே காம்பராவில் இருந்தாலும் மகனுக்குப் பிணை நிற்க முடியாது. எங்கள் லைபிரரி மிஸ் இதற்கு ஒரு வழி செய்தார். தோட்டப் பாடசாலை அதிபர்களிடம் பேசி, பிள்ளைகளுக்கு அவர்கள் கையொப்பத்தைப் பிணையாக ஏற்றுக்கொண்டார். விதியில் அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான் அங்கத்தவனானது அப்படித்தான், என் தங்கையும் அப்படித்தான். இன்றைக்கு நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன் என்றால் அந்தக் கையொப்பத்துக்கு அதில் பங்கு உண்டு.

எப்படி நின்றது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லா நூலகங்களும் பூட்டின, இதுவும் பூட்டியது. பிறகு திறந்தார்கள், ஆனால் பேப்பரைத் தொடக்கூடாது, மேசைக்கு ஓர் ஆள்தான். அந்தப் பயம் தெளிவதற்குள் 2022 வந்துவிட்டது. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மலையில் பின்னேரம் 3 மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். கரண்ட் இல்லாத மேல்மாடியில் எழுத்துத் தெரியாது. மிஸ் பின்னேரங்களில் நேரத்தோடு பூட்டத் தொடங்கினார். டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறின காலம் அது. தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வருவதால், புதுப் புத்தகம் வாங்குகிற பேச்சே இல்லாமல் போனது. பேப்பர்த் தட்டுப்பாட்டில் பத்திரிகைகளும் மெலிந்துவிட்டன.

இவ்வளவையும் அந்த இடம் தாங்கியது. தாங்காதது ஓய்வு வயது விசயம். அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்திய அரசாங்கம், 2022 ஓகஸ்ட் இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் அதை 60க்கு இறக்கியது. 60ஐத் தாண்டியவர்கள் எல்லோரும் அந்த டிசெம்பர் 31ஆம் திகதியோடு வீட்டுக்குப் போக வேண்டும். மிஸ்ஸுக்கு அப்போது 61. இன்னும் நான்கு வருடம் இருக்கிறது என்று நினைத்து, புத்தகப் பதிவேட்டைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். பாதியில் விட்டுவிட்டுப் போனார்.

அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. புது ஆட்சேர்ப்பை நாடு முழுக்க இறுக்கிப் பிடித்திருந்த நேரம். கூட இருந்த நூலக உதவியாளரை வரி வாங்கும் கவுண்டரில் ஆளில்லை என்று அலுவலகத்துக்கு எடுத்தார்கள். முதலில் வாரத்துக்கு மூன்று நாள் வந்து திறந்தார், பிறகு ஒரு நாள்.

யாரிடமாவது போய்ச் சொல்லலாம் என்றால், 2023 மார்ச் 19ஆம் திகதியோடு உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய தேர்தல், காசில்லை என்று தள்ளிப்போய், கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையிலிருந்த இரண்டு வருடத்துக்கு மேல் சபைக்கு உறுப்பினர் இல்லை, செயலாளர்தான் எல்லாம். ஓர் உறுப்பினர் இருந்தால் கடையில், பஸ்ஸில், கோவிலில் வைத்து, "என்ன சேர், லைபிரரி பூட்டியே கிடக்கே" என்று கேட்டிருப்போம். அவருக்கும் அடுத்த தேர்தல் நினைவுக்கு வந்திருக்கும். செயலாளர் கெட்டவர் இல்லை. அவர் முன்னால் குப்பை லொறியும், தண்ணீர்க் குழாயும், எரியாத வீதி விளக்கும் இருந்தன. நூலகத்தைப் பற்றி அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட ஆளில்லை.

அந்த வருடம் தென்மேல் பருவமழையில் கூரைத் தகரம் ஒன்று கிளம்பி இரவல் பகுதிக்குள் தண்ணீர் இறங்கியது. புத்தகங்களைப் பெட்டிகளில் போட்டு ஒரு மூலையில் அடுக்கி, கதவைப் பூட்டி, சாவியை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். கதவில் ஒரு தாள்: "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது". அதில் திகதி போடவில்லை. அதனால்தான் நான் எழுதிக் கேட்க வேண்டி வந்தது.

யாருக்கு என்ன ஆனது

நூலகம் மூடினால் புத்தகம் படிக்கிறவர்களுக்கு நட்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் புத்தகம் இரவல் வாங்குகிறவர்களை விட, வேறு காரியங்களுக்காக வந்தவர்கள்தான் அதிகம்.

முதலில் என் மாணவர்கள். லயக் காம்பரா என்றால் 10க்கு 12 அடி. அதற்குள் சமையல், தூக்கம், டீவி, நோயாளி, சில வீடுகளில் குடித்துவிட்டு வருகிறவர். ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளை எங்கே கொப்பியை விரிக்கும்? நூலகத்தில் மேசை இருந்தது, ட்யூப் லைட் இருந்தது, சத்தம் போடாதே என்று சொல்ல ஒருவர் இருந்தார். கடந்தகால வினாத்தாள்களை ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தார் மிஸ். தமிழ் மொழிமூல விஞ்ஞானம், கணிதத் தாள்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கட்டை எடுத்து மேசையில் போட்டுக்கொண்டு நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து கணக்குப் போடுவார்கள். ஒருவனுக்குத் தெரியாததை இன்னொருவன் சொல்லிக்கொடுப்பான். டியூஷன் காசு கட்ட முடியாத பிள்ளைக்கு அதுதான் டியூஷன்.

பெண் பிள்ளைகளுக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஏ.எல். என்கிற உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்த ஒரு மாணவி. அம்மா கொழுந்து பறிக்கிறவர். மகளைத் தனியாக டவுனுக்கு விடப் பயம். ஆனால் ஓர் இடத்துக்கு மட்டும் தடை இல்லை. "லைபிரரிக்குன்னா போயிட்டு வா. அங்க மிஸ் இருக்காங்க." அந்த அம்மா ஒருநாளும் படி ஏறி நூலகத்துக்குள் போனதில்லை. ஆனாலும் அது எப்படிப்பட்ட இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நூலகம் நின்றதும் அந்தப் பெண்ணுக்கு டவுனுக்குப் போக ஒரு காரணம் இல்லாமல் போனது. பாடசாலை விட்டால் வீடு, வீட்டில் தம்பியையும் பாட்டியையும் பார்க்கிற வேலை. பரீட்சை எழுதினாள், போதுமான பெறுபேறு வரவில்லை, இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். ஒரு பூட்டுத்தான் இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொல்லவில்லை. நெருக்கடி அந்த வீட்டைப் பல பக்கமும் அடித்தது. ஆனால் வாரத்துக்கு மூன்று பின்னேரம் அவளுக்கென்று ஒரு மேசை இருந்த காலத்தில் அவள் எழுதிய கட்டுரைகளை நான் திருத்தியிருக்கிறேன். பிறகு எழுதியவற்றையும் திருத்தினேன்.

அடுத்தது கடிதமும் படிவமும். இதை வெளியூர்க்காரர்கள் எளிதில் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். தோட்டத்தில் ஒருவருக்கு அரசாங்கக் கடிதம் வந்தால் பல சமயம் சிங்களத்தில் மட்டும் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிப் புத்தகத்தில் இன்னொரு பெயர். ஓய்வு பெறும்போது இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் சேமலாப நிதியை எடுக்க முடியாமல் அலைகிறவர்கள் எத்தனையோ பேர். மிஸ்ஸுக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். கடிதத்தைப் படித்து, இது இன்ன அலுவலகம், இன்ன ஆவணம் கேட்கிறார்கள், கிராம சேவகரிடம் முதலில் போங்கள் என்று சொல்லி அனுப்புவார். படிவத்தையும் நிரப்பிக் கொடுப்பார். அது அவருடைய கடமைப் பட்டியலில் இல்லாத வேலை.

நூலகம் நின்ற 2023இல்தான் அஸ்வெசும என்கிற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியது. பட்டியலில் பெயர் வராதவர்கள் மேன்முறையீடு செய்ய அலைந்த மாதங்கள் அவை. சனம் கொமியூனிகேஷன் கடை வாசலில் வரிசையில் நின்றது. கடைக்காரர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள், காசும் வாங்கினார்கள், அது அவர்கள் தொழில். ஆனால் மிஸ்ஸாக இருந்தால் கேட்டிருப்பார்: வீட்டில் எத்தனை பேர், பேரப்பிள்ளையின் பெயரைப் போட்டீர்களா, இந்த வருமானத்தைச் சரியாகத்தான் எழுதினீர்களா என்று. கடையில் சொன்னதை அப்படியே அடித்து அனுப்பினார்கள்.

அப்புறம் பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள். இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் காலையில் 9 மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். வீரகேசரியை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை படித்துவிட்டு, தினகரனையும் புரட்டிவிட்டு, 12 மணி பஸ்ஸில் திரும்புவார். அவர் படித்ததுதான் அன்று சாயந்திரம் லயத்து வாசலில் செய்தி. சம்பளப் பேச்சுவார்த்தை, வர்த்தமானி, பசளை விலை எல்லாம் அவர் வாய்வழியாகத்தான் அந்த லயத்துக்குப் போகும். கதவு பூட்டின பிறகு சில நாள் சலூனில் உட்கார்ந்து படித்தார். முடி வெட்ட ஆள் வந்தால் எழும்ப வேண்டும், அது அவருக்கு வெட்கமாகிவிட்டது. ஒருநாள் பஸ் நிலையத்தில் கண்டு விசாரித்தேன். "பேப்பரு படிக்கத்தான் சேர் டவுனுக்கு வாரது. இப்ப மருந்து எடுக்க மட்டுந்தான்" என்றார்.

சிறுவர் பகுதியைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. சின்ன மேசை, கிழிந்த படக்கதைகள், ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் சித்திரப் போட்டி. அவ்வளவுதான் இருந்தது, அதுவும் போனது.

மாற்று வழி என்று சொன்னவை

பாடசாலையில் நூலகம் இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது. என் பாடசாலையில் அது இரண்டு அலுமாரி. 2 மணிக்கு மணி அடித்ததும் அலுமாரியோடு சேர்த்துப் பாடசாலையையும் பூட்டிவிடுவோம். பக்கத்து டவுன் நூலகத்துக்குப் போகலாம் என்றார்கள். அது வேறு சபை, அங்கே எங்கள் பிள்ளைகளுக்கு அங்கத்துவம் இல்லை. போக வரப் பஸ் காசும் 2022க்குப் பிறகு எங்கேயோ போய்விட்டது. நாள் சம்பளம் 2021இல்தான் 1000 ரூபாய்க்கு வந்தது. அந்தச் சம்பளத்தில், படிக்கிறதுக்கு என்று ஒரு பிள்ளைக்கு வாரத்தில் மூன்று நாள் பஸ் காசு கொடுக்கிற வீடு எத்தனை இருக்கும்?

எல்லாம் ஃபோனில் இருக்கிறதே என்பது மூன்றாவது. இதைச் சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். 2005இல் தொடங்கிய, நூலகம் என்றே பெயருள்ள இணையத்தளம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கில் மின்னூலாக்கி இலவசமாக வைத்திருக்கிறது. நானே அதைப் பயன்படுத்துகிறேன், அது இல்லாவிட்டால் மலையகம் பற்றிய பல பழைய பிரசுரங்களை நான் பார்த்தே இருக்கமாட்டேன். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு ஃபோன், அது அப்பாவின் சட்டைப் பையில். சிக்னல் வேண்டுமானால் கோவில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஸ்கேன் செய்த ஒரு முழுப் புத்தகத்தை விரலளவு திரையில் இழுத்து இழுத்துப் படிக்க டேட்டா கார்டும் வேண்டும், கண்ணும் வேண்டும். ஃபோனுக்குள் மேசையும் லைட்டும் கிடையாது, மிஸ்ஸும் கிடையாது.

பெட்டிகளுக்குள்

2025 மே தேர்தலுக்குப் பிறகு புதிய உறுப்பினர்கள் வந்தார்கள். பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதி, தோட்டம் தோட்டமாகப் போய்க் கையொப்பம் வாங்கிக் கொடுத்தோம். ஓர் உறுப்பினர் சாவியைக் கேட்டு வாங்கி எங்களோடு மாடிக்கு வந்தார். கதவைத் திறந்ததும் வந்த வாடையை நான் மறக்கமாட்டேன்.

மலையில் புத்தகம் வைத்திருப்பது தினசரி வேலை. தை, மாசி வெயிலில் மிஸ் புத்தகங்களைத் தட்டுத் தட்டாக இறக்கி, வராந்தாவில் விரித்துக் காயவைப்பார். அலுமாரிக்குள் அந்துருண்டை போடுவார். பனி இல்லாத நாளில் எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பார். இரண்டு தை, இரண்டு மாசி யாரும் அதைச் செய்யவில்லை. பெட்டிகளின் அடித்தட்டில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பளபளப்புத் தாளில் அச்சிட்ட கலைக்களஞ்சியத்தின் பக்கங்கள் பிரிக்க வரவில்லை. வினாத்தாள் கட்டுகளில் கறையான் ஏறியிருந்தது. தற்காலிகம் என்ற சொல்லை அலுவலகம் எழுதலாம். ஈரத்துக்கு அந்தச் சொல் தெரியாது.

வினாத்தாள்களைத் திரும்பச் சேர்க்கலாம், சென்னைப் புத்தகங்களையும் காசிருந்தால் வாங்கலாம். எனக்கு நெஞ்சு பதறியது வேறொரு பெட்டியைப் பார்த்து. மலையகத்து எழுத்தாளர்கள் சொந்தக் காசில் சில நூறு பிரதி அடித்து, கையால் கொண்டுவந்து கொடுத்த கவிதைப் புத்தகங்கள், தோட்டப் பாடசாலைகளின் ஆண்டு மலர்கள், தொழிற்சங்கங்களின் மேதின மலர்கள், கோவில் கும்பாபிஷேக மலர்கள். மிஸ் அவற்றை ஒன்றுவிடாமல் வாங்கி வைத்திருந்தார். 2023இல் எங்கள் மக்கள் இந்த நாட்டுக்கு வந்த 200ஆவது வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நானும் கடைசி நாள் மாத்தளையில் போய்ச் சேர்ந்துகொண்டேன். அதே வருட மழையில்தான் இந்தப் பெட்டி நனைந்திருக்கிறது. ஆண்டு மலர்களில் சிலவற்றை இணையத்தில் தேடினேன். கொஞ்சம் கிடைத்தன, பல கிடைக்கவில்லை.

என் கருத்து

நூலகர் ஒருவரை நியமிப்பது சபையின் கையில் மட்டும் இல்லை, அதற்கு மாகாணமும் திறைசேரியும் சம்மதிக்க வேண்டும். சரி, அது வரட்டும். அதுவரைக்கும் வாசிகசாலையைத் திறக்க நூலகர் தேவையில்லை. ஒரு சாவி, இரண்டு பேப்பர், எரிகிற விளக்கு, அலுவலகத்திலிருந்து மாறி மாறி ஒருவர் போதும். வாரத்துக்கு ஒருநாள் ஜன்னல் திறக்கவும் ஒரு கைதான் தேவை. இதைச் செய்திருந்தால் பாதிப் புத்தகம் தப்பியிருக்கும், பெரியவருக்கும் பேப்பர் கிடைத்திருக்கும்.

பிணை விதியை மாற்ற ஒரு சபைக் கூட்டம் போதும். தோட்டத்துப் பிள்ளைக்கு அதிபரோ கிராம சேவகரோ கையொப்பமிடலாம் என்று எழுத்தில் வர வேண்டும். ஒரு மிஸ்ஸின் நல்ல மனதில் அது தொங்கிக்கொண்டிருந்ததால்தான், அவர் போனதும் அந்தக் கதவும் சேர்ந்து மூடியது. அதைவிட முக்கியமாக, ஒரு பொது நூலகம் ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடக்குமானால் யார் பொறுப்பு, எப்போது திறக்கும் என்று பெயரும் திகதியும் போட்டுக் கதவில் ஒட்ட வேண்டும் என்று சபை தனக்கே ஒரு தீர்மானம் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் மனுவில் கடைசியாகக் கேட்டது இதைத்தான். இன்னும் நிகழ்ச்சி நிரலுக்கு வரவில்லை.

இப்போது 2025 ஒக்டோபர். கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து 12 மணி வரை வாசிகசாலை மட்டும் திறந்திருக்கிறது, நாங்கள் முறைவைத்துப் போய் உட்காருகிறோம். இரவல் கிடையாது. மிஸ் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருகிறார். அவர் பாதியில் விட்ட பதிவேட்டை எடுத்து, தப்பிய புத்தகங்களுக்கு நேரே சரி போட்டுக்கொண்டு வருகிறார். மொத்தம் 14 பெட்டி, 9 முடிந்தது. பத்தாவது பெட்டியில் மேதின மலர்கள் இருக்கின்றன. வெயில் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.